ஊர்ப் பணத்தில் வகுப்பறை கட்டலாமா?

வாசகர் கேள்வி:

"எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 112 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். மூன்று வகுப்பறை கொண்ட பழைய கட்டடத்தை, விழுந்துவிடும் என்று சொல்லி 2022இல் இடித்தார்கள். மிச்சம் இருப்பது இரண்டு அறைதான். புதுக் கட்டடம் இன்றுவரை வரவில்லை. 6, 7, 8ஆம் வகுப்புகள் கோயில் மண்டபத்திலும் வேப்ப மரத்தடியிலும் நடக்கின்றன. கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது. நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். கட்டடம் கேட்டுப் போனால் ஒருவர் 'மத்திய அரசு பணம் தரவில்லை' என்கிறார், இன்னொருவர் 'எம்.எல்.ஏ.வைப் பாருங்கள்' என்கிறார். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தகரக் கூரை போட்டு ஒரு நீள ஹால் கட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். பணம் கொடுத்த பையன்களுக்குப் பள்ளி வாசலில் ஒரு நுழைவு வளைவும் ஸ்மார்ட் வகுப்பறையும் வேண்டுமாம். தலைமையாசிரியர் எதற்கும் பயப்படுகிறார். இந்தப் பணத்தை என்ன செய்வது? யாரைப் பார்ப்பது? பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம்."

பதில் எழுதுபவர்: ஊரக வளர்ச்சித் துறையில் உதவிச் செயற்பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடிதத்தைப் படித்ததும் என் கண் அந்த 4,20,000 ரூபாயில்தான் போய் நின்றது. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களும், வெயிலில் கம்பி கட்டியவர்களும் கொடுத்த காசு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதில் ஒரு ரூபாயைக்கூட வகுப்பறை கட்ட எடுக்காதீர்கள். தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம்.

வகுப்பறை கட்டித் தருவது அரசின் கடமை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 8ஆவது பிரிவு, பள்ளிக் கட்டடம், ஆசிரியர், கற்றல் கருவிகள் எல்லாவற்றையும் அரசு தர வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, தலைமையாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் ஓர் அறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் என்று வரிசையாக இருக்கிறது. உங்கள் பள்ளியில் ஐந்து ஆசிரியர்களுக்கு இரண்டு அறை. மூன்று அறை பாக்கி. நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை, பாக்கியை வசூலிக்கப் போகிறீர்கள். ஒன்றிய அலுவலகத்துப் படியேறும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குரல் தானாகவே நிமிரும்.

தகரக் கொட்டகையை நான் எதிர்ப்பதற்கு வெயில் ஒரு காரணம். ஏப்ரல் மாதம் அதற்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. நீங்கள் ஒரு கொட்டகை போட்டு அதில் வகுப்பு நடத்தினால், வருஷக் கணக்கெடுப்பில் யாராவது அதை வகுப்பறை என்று பதிந்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் பள்ளிக்கு அறைப் பற்றாக்குறை குறைந்துவிட்டதாகக் காகிதம் சொல்லும். ஒதுக்கீடு செய்கிறவர் பார்ப்பது அந்தக் காகிதத்தை மட்டும்தான். தற்காலிகம் என்று போட்ட கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி 94 குழந்தைகளைத் தீயில் இழந்த மாநிலம் இது. அங்கே சமையல் கூடத்துக்கு மேலே கீற்றுக் கூரை. 'இப்போதைக்கு இது போதும்' என்ற வார்த்தையை பள்ளிக்கூடத்து விஷயத்தில் கேட்டாலே எனக்குப் படபடக்கிறது.

சரி, யாரைப் பார்ப்பது?

உங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பள்ளிக் கல்வித் துறை, ஆனால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. இந்த இரட்டை வீட்டு நிலைமையில்தான் பாதிக் கோரிக்கைகள் வழிதவறிப் போகின்றன. ஊர்க்காரர்கள் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுப்பார்கள். அவர் மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் ஊரக வளர்ச்சித் துறைக்கு எழுதுவார். அங்கிருந்து ஒன்றியத்துக்கு வரும். கடைசியில் அந்தக் காகிதம் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து சேர எட்டு மாதம் ஆகும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் வழி வேறு. அவை பள்ளிக் கல்வித் துறையுடையவை, பொதுப்பணித் துறை கட்டும், நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு நிதிக் கடனும் அங்கே வரும். உங்களுக்கு அது பொருந்தாது.

நீங்கள் நேராக ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள், வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். முன்னவரிடம் தொடங்குங்கள். மனுவின் நகலைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். வெறும் மனுவாகக் கொடுக்காமல், மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் பிறந்தது உங்கள் குழு. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 22ஆவது பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் வேலையை இந்தக் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் 'மூன்று வகுப்பறை' என்று எழுதி, தீர்மானம் போட்டு, மேலாண்மைக் குழுவுக்கான செயலியிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்து வரும் கிராம சபையிலும் அதே தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதிக நாள் காத்திருக்க வேண்டாம்.

'மத்திய அரசு பணம் தரவில்லை' என்ற பதிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் உண்மை உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திடாத விவகாரத்தில் 2024-25க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சண்டையால் எத்தனையோ வேலைகள் தடுமாறியது நிஜம். ஆனால் உங்கள் மூன்று அறைக்கு அது முழுப் பதில் ஆகாது. கிராமப்புற ஒன்றியப் பள்ளிகளுக்கு வகுப்பறை வருவது பெரும்பாலும் மாநில அரசின் சொந்த நிதியில். 2022-23 மாநில பட்ஜெட்டில் 'பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்' என்று அறிவித்தபோது ஐந்து வருஷத்தில் 7,000 கோடி, 18,000 வகுப்பறை என்றார்கள். 2023 பிப்ரவரியில் காட்பாடியில் 784 கோடியில் 5,351 வகுப்பறைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறை இதை 'குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம்' என்ற பெயரில் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி, "இந்தத் திட்டத்தில் எங்கள் பள்ளியின் பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறதா, எந்த வருஷப் பட்டியலில்?" என்று கேளுங்கள். பொதுவாக 'கட்டடம் வேண்டும்' என்று கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

784 கோடியை 5,351ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் அறைக்கு சுமார் 14 லட்சத்து 65 ஆயிரம். உங்கள் பணத்தில் ஓர் அறையின் மூன்றில் ஒரு பங்குகூட எழும்பாது. மேஸ்திரி நாலு லட்சத்தில் ஹால் என்று சொல்கிறார் என்றால், அஸ்திவாரத்திலோ கம்பியிலோ எங்கோ கைவைக்கப் போகிறார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தக் காசுக்கு அவ்வளவுதான் வரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து ஆயிரக்கணக்கில் இடித்தோம். இடித்தது சரியான முடிவு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் இடிக்க ஒரு வாரம் போதும், கட்ட இரண்டு வருஷம் ஆகும் என்பதை யாரும் பெற்றோருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. இடித்த பல பள்ளிகளுக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை என்றால் கோப்பு எங்கோ சிக்கியிருக்கிறது. என் அனுபவத்தில் அது சிக்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, எமிஸ் பதிவு, அதாவது மாநிலக் கல்வித் துறை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பள்ளிக் கணக்கு. இடித்த கட்டடம் தரையில் இருக்காது, கம்ப்யூட்டரில் நின்றுகொண்டிருக்கும். ஒரு பள்ளியில் இதை நேரில் பார்த்தேன். பிள்ளைகள் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் அறையில் திரையைத் திறந்தால் 'நல்ல நிலையில் உள்ள வகுப்பறைகள்: 5' என்று இருக்கிறது. இடித்த பிறகு அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷம் அந்தப் பள்ளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. திருத்தியது அரை மணி நேர வேலை. எண்ணைத் திருத்திய மறு ஆண்டே அனுமதி வந்தது. ஆகவே நாளைக்கே தலைமையாசிரியரோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். யூடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளிக் கணக்கிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தலைமையாசிரியர் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள். கட்டட விஷயத்தில் ஏதாவது ஒன்று நடந்தால் முதலில் விளக்கம் கேட்பது அவரிடம்தான். குழுத் தீர்மானம் எழுத்தில் இருந்தால் அவருக்கும் தெம்பு வரும்.

இரண்டு, நிலம். நம் கிராமங்களில் பாதிப் பள்ளிக்கூடங்கள் யாரோ ஒரு பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் நிற்கின்றன. "பள்ளிக்கூடம் கட்டிக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய்ச் சேர்ந்திருப்பார். பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். பழைய கட்டடம் நிற்கும்வரை யாரும் கேட்கவில்லை. இடித்து இடம் வெறுமையாகத் தெரிந்ததும் பேரன்கள் வருவார்கள், 'எங்கள் தாத்தா நிலம்' என்பார்கள். நிலம் தெளிவாக இல்லாத இடத்தில் எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட மாட்டார், நானும் போட்டதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் பள்ளி இருக்கும் சர்வே எண்ணைக் கேளுங்கள். அ-பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கில் அந்த இடம் பள்ளி என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா, புறம்போக்கா, தனியார் பட்டாவா என்று பாருங்கள். தனியார் பெயரில் இருந்தால், அந்தக் குடும்பத்தாரைப் பார்த்துப் பேசி, தானப் பத்திரமாகப் பதிவு செய்து வாங்குங்கள். வழக்கு, வாய்தா என்று போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் தாத்தாவின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். என் காலத்தில் மூன்று இடங்களில் அந்தப் பேச்சில்தான் காரியம் நடந்தது.

இரண்டும் சரியாக இருந்தும் கட்டடம் வரவில்லை என்றால்தான் மேலே போய்ச் சத்தம் போட வேண்டிய நிலை.

எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது தவறில்லை. தொகுதி மேம்பாட்டு நிதியாக வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் ஒரு தொகுதிக்கு உண்டு. அதில் சாலை, குடிநீர், நிழற்குடை, சமுதாயக் கூடம் என்று நூறு ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்று அறைக்கு முழுவதும் அதை நம்ப வேண்டாம், ஓர் அறைக்குக் கேட்கலாம். எம்.பி.க்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் அது பரவ வேண்டும். யாரிடம் போனாலும் சர்வே எண், பிள்ளைகள் எண்ணிக்கை, குழுத் தீர்மானம், இடித்த உத்தரவின் நகல் நான்கையும் ஒரே கவரில் வைத்துக் கொடுங்கள். சால்வையோடு போகிறவரைவிடக் காகிதத்தோடு போகிறவருக்கு உதவியாளர் சீக்கிரம் வேலை செய்வார்.

இனி உங்கள் 4,20,000.

'நமக்கு நாமே திட்டம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997இல் வந்தது, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் மறுபடி பழைய பெயருக்கு வந்தது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். உங்கள் பணத்தில் 3 லட்சத்து 50 ஆயிரத்தை இதில் போடுங்கள். பத்தரை லட்சத்துக்கு வேலை நடக்கும். அதில் சுற்றுச்சுவர் கேளுங்கள். இடம் அளக்கப்பட்டு எல்லைக் கல் ஊன்றப்பட வேண்டும் என்பதால், சுவர் எழும்பும்போதே பள்ளி நிலத்தின் எல்லையும் தெளிந்துவிடும். சுற்றுச்சுவர் எழும்பிய இடத்தில் ஆக்கிரமிப்பும் வராது. ஒன்றியத்தில் எஸ்டிமேட் போடச் சொல்லி, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்கி, பங்குத் தொகையை வரைவோலையாகக் கட்ட வேண்டும். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். இப்போது அந்தப் பணம் யாருடைய சொந்தக் கணக்கில் இருந்தாலும் இந்த வாரமே குழுவின் கூட்டுக் கணக்குக்கு மாற்றி, கொடுத்தவர்கள் பெயர், தொகை எல்லாவற்றையும் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நல்ல மனிதர்கள் நடுவில்தான் பணத்தால் மனக்கசப்பு வருகிறது.

தண்ணீருக்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். கிராம ஊராட்சிக்கு வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறைக்கு ஒரு குழாய் இழுக்கவும் சின்டெக்ஸ் தொட்டி வைக்கவும் ஊராட்சியால் முடியும். இதற்குத்தான் கிராம சபைத் தீர்மானம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தப் பூட்டிய கழிப்பறை. ஒரு பள்ளியில் மதியம் இரண்டு மணிக்கு ஆய்வுக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் நாலு பேர் இல்லை. கேட்டதற்கு, "வீட்டுக்குப் போயிருக்காங்க சார், வந்துருவாங்க" என்றார் டீச்சர். பக்கத்திலேயே புது டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை, கல்வெட்டோடு, பூட்டோடு. மோட்டார் கனெக்‌ஷனுக்கு யாரும் பணம் கட்டவில்லை. அந்த நாலு பேரும் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குகிற நாம், கட்டடம் வேலை செய்வதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. பள்ளிக் கல்விக்கு 2025-26 மாநில பட்ஜெட்டில் 46,767 கோடி ரூபாய். பெரிய தொகைதான், அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது, போகவும் வேண்டும். ஆனால் ஒரு வாளிக்கும் பினாயிலுக்கும் பள்ளியில் யாரிடம் காசு இருக்கிறது என்று பாருங்கள்.

இருப்பது பள்ளி மானியம். 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய் என்பது விதி. உங்களுக்கு அதுதான். அதில் பத்து சதவீதமாவது துப்புரவுக்குச் செலவழிக்க வேண்டும். கரண்ட், சாக்பீஸ், குழாய் ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாமே அதற்குள். மத்திய அரசின் பங்கு தாமதமானால் இதுவும் தாமதமாகும். ஒருமுறைகூட இதன் கணக்கைக் கேட்காத குழுக்கள் உண்டு. எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குப் போனது என்று கூட்டத்தில் கேளுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம், தலைமையாசிரியர் கைக்காசு போட்டிருந்தால் அதுவும் அப்போதுதான் வெளியில் வரும்.

மிச்சம் 70,000 ரூபாயைப் பராமரிப்புக்கென்று வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்கும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது ஒரு வகுப்பறைக் கட்டடத்தைச் சோதிக்கப் போனேன். கட்டி இருபத்திரண்டு வருஷம்தான். கூரையின் அடிப்பக்கம் கான்கிரீட் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துப் பருத்து, விலா எலும்பு மாதிரி தெரிந்தது. ஏணி வைத்து மேலே ஏறினேன். தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மழைநீர் வெளியேறும் துவாரத்தில் ஒரு ரப்பர் பந்து, அதைச் சுற்றி வேப்பிலைச் சருகு, அதன்மேல் பாசி, அதற்குள் ஓர் அரசங்கன்று. பந்தைக் கையால் பிடுங்கி எடுத்தேன், தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அந்தப் பந்து எத்தனை மழைக்காலம் அங்கே கிடந்ததோ. தட்டோட்டு இடுக்கில் தண்ணீர் இறங்கி, கம்பியைத் தொட்டு, துரு ஏறி, கட்டடம் செத்துவிட்டது. இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓர் ஆள் ஏணி வைத்து ஏறித் துடைத்திருந்தால் அது இன்னும் முப்பது வருஷம் நின்றிருக்கும். அரை நாள் கூலி. அந்த அரை நாள் கூலிக்கு எந்தத் திட்டத்திலும் பெயர் இல்லை, திறப்பு விழாவும் கிடையாது. உங்கள் 70,000இன் வட்டி அதற்கு.

நுழைவு வளைவு ஆசையை எப்படி மறுப்பது என்று சங்கடப்படுவீர்கள். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958 வாக்கில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஜனங்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், மணி, நிலம் என்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். என் அப்பா படித்த பள்ளியில் ஒரு பெஞ்சின் அடியில் கொடுத்தவர் பெயர் உளியால் செதுக்கியிருந்ததை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். பையன்களின் பெயர் சுற்றுச்சுவரின் கேட் பக்கத்தில் கிரானைட்டில் இருக்கட்டும், அதற்கு இரண்டாயிரம் ரூபாய் போதும். ஸ்மார்ட் வகுப்பறைக்குத் தனிவழி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பொருளாகவும் பணமாகவும் கொடுக்கலாம். உங்கள் ஊர்ப் பையன் யாராவது பெரிய கம்பெனியில் இருந்தால் அவர் வழியாகக் கேளுங்கள். ஆனால் அறை வந்த பிறகு. சுவர் இல்லாமல் திரையை எங்கே மாட்டுவது?

இதெல்லாம் நடக்க ஒரு வருஷம் ஆகும். அதுவரை பிள்ளைகள் மரத்தடியில் இருக்க வேண்டாம். ஊரில் சமுதாயக் கூடம், ஊராட்சி சேவை மையம், மகளிர் குழுக் கட்டடம் எது காலியாக இருந்தாலும் பகல் நேரத்துக்குத் தரும்படி பி.டி.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள். பல ஊர்களில் இவை பூட்டியே கிடக்கின்றன. மாலை வேளை இரண்டு வகுப்புகளை முன்னதாக விட்டுவிடலாம் என்ற யோசனை வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதி வந்து வேலை தொடங்கினால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டிமேட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், முப்பது நாளில் தர வேண்டும். காகிதம் மட்டுமில்லை, நடக்கும் வேலையைப் பார்வையிடவும், சிமெண்ட் கலவையின் மாதிரியை எடுக்கவும் அதே சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. கூரைக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் முன்பே பாருங்கள். போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. கம்பி பலகையில் உரசிக்கொண்டு கிடந்தால் கூரை பத்து வருஷத்தில் பெயரும். தளம் போட்டபின் பத்து நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். ஒப்பந்ததாரர் ஆட்கள் மூன்றாம் நாள் போய்விடுவார்கள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி போய்த் தளத்தில் கைவைத்துப் பார்ப்பேன், சூடாக இருந்தால் மறுநாள் அவருக்குப் போன். உங்கள் குழுவில் இத்தனை தாய்மார்கள் இருக்கிறீர்கள், முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினாலும் தப்பில்லை. வேலை முடிந்ததும் மொத்தப் பணத்தையும் விடுவிக்க மாட்டார்கள், குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுக் காலம் முடியும்வரை ஒரு பகுதி பிடித்து வைக்கப்படும். முதல் மழையில் ஒழுகினால் அன்றைக்கே போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் காலம் முடிந்தபின் எழுதினால் செலவு மறுபடியும் உங்கள் தலையில்.

முதலில் எமிஸ் பக்கம், அப்புறம் சர்வே எண். இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நிலம் தனியார் பட்டாவில் இருந்தால் தானப் பத்திரத்துக்கு என்னென்ன வாசகம் வேண்டும் என்று நான் எழுதி அனுப்புகிறேன்.